ரிம்முக்கு ஒன்றும் ஆகவில்லை

அன்று அந்தக் காரில் மூன்று பேர் இருந்தோம். ஓட்டியவர் காரின் சொந்தக்காரர் அருள். அவருக்குப் பக்கத்தில் எங்கள் டயர் கடையின் தலைமை மெக்கானிக் சேகர் அண்ணா. பின்னால் இடது பக்கம் நான். வராதவர் ஒருவர்தான், அருளின் அம்மா ஸ்டெல்லா. அந்தக் காரில் எப்போதும் பின்னால் இடது பக்கம் உட்காருகிறவர் அவர்தான். எலும்பு மெலிந்துபோய் இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவர்.

முந்தின நாள் அருள் போனில் கேட்டார்: "பாஸ், புதுச் சக்கரம் மாட்டி ட்ரையல் பாக்கறப்ப அம்மாவையும் கூட்டிட்டு வரட்டுமா? அவங்கதான் பின்னாடி உக்காருவாங்க. முதுகு கொஞ்சம் வீக்கு."

"வேணாம் சார். இங்க ஒரே தூசி, பெரியவங்க உக்கார எடம் இல்ல. நாங்க பாத்துக்கறோம்" என்று நான் சொன்னேன்.

எனக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. இந்த வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒன்பது வருடம் சக்கரம் தூக்கியதில் வலது தோள் போய்விட்டது. இனிமேல் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காதே என்று டாக்டர் சொன்னதோடு அந்தத் தொழில் முடிந்தது. இப்போது ஒரு உதிரிபாகக் கிடங்கில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பழைய கடையில் இருப்பவர்கள், மெக்கானிக்குகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னார்கள். கம்பெனியிலிருந்து வரும்போதே பதினேழு, பதினெட்டு இஞ்ச் சக்கரத்தோடுதான் கார் வருகிறது, அதற்கும் மேலே போடச் சொல்லி ஆட்கள் வருகிறார்கள், நீங்கள் பார்த்ததை எழுதுங்கள் என்றார்கள். வேறு நல்ல சம்பவங்களும் உண்டு. ஆனால் பேனாவை எடுத்தால் இதுதான் வருகிறது. மூன்று வருடம் ஆகியும் எனக்கு இதன் அதிர்ச்சி போகவில்லை.

நான் திருப்பத்தூர்ப் பக்கம். அப்பா கிணறு வெட்டுகிறவர், அம்மா செங்கல் சூளையில் வேலை. இருவருக்கும் கையெழுத்துப் போட வராது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்து, பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்த்து, ஆள் குறைப்பில் வெளியே வந்து, அதே சாலையில் இருந்த டயர் கடையில் சேர்ந்தேன். முதல் வருடம் முழுக்க டயர் கழற்றுவது, மாட்டுவது, பஞ்சர், தேநீர் வாங்கி வருவது. அதில் எழுத ஒன்றுமில்லை.

ஒன்றே ஒன்று உண்டு. டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை முதன்முதலாகப் படித்துப் புரிந்துகொண்ட நாள். 185/65 R15. டயரின் அகலம் நூற்று எண்பத்தைந்து மில்லிமீட்டர். அந்த அகலத்தில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு, ரப்பர் சுவரின் உயரம். பதினைந்து இஞ்ச், உள்ளே இருக்கும் ரிம்மின் அளவு. எங்கள் வீட்டில் இதைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். ஊருக்குப் போனபோது நின்றிருந்த லாரி ஒன்றின் டயரை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பா டயரைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரிம்மைப் பெரிதாக்கினால் மொத்தச் சக்கரமும் பெரிதாகிவிடக் கூடாது. அப்படிப் பெரிதாகிவிட்டால் வேகமுள் பொய் சொல்லும், திருப்பும்போது டயர் உரசும். அதனால் ரிம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு ரப்பர் சுவரைக் குறைக்க வேண்டும். பதினைந்தை எடுத்துவிட்டுப் பதினேழு போட்டால், 215/45 என்ற டயர் வரும். சக்கரத்தின் மொத்த உயரம் ஏறத்தாழ அதேதான். ஆனால் சாலைக்கும் ரிம்முக்கும் நடுவே இருக்கும் ரப்பர் சுவர் நூற்றிருபது மில்லிமீட்டரிலிருந்து தொண்ணூற்றேழாகச் சுருங்கிவிடும். ஒன்றரை விரல் அகலம் குறைகிறது. அந்த ஒன்றரை விரலில்தான் எல்லாமே இருக்கிறது.

சுவர் குட்டையானால் டயர் வளைவில் சாயாது. ஸ்டியரிங்கைத் தொட்டவுடன் கார் திரும்பும். இது உண்மை, நாங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் பள்ளத்தில் விழும்போது நசுங்கிக் கொடுப்பதற்கு அங்கே ரப்பர் இல்லை. அடி நேராக ரிம்முக்கு, ரிம்மிலிருந்து ஸ்பிரிங்குக்கு, அங்கிருந்து இருக்கைக்குப் போகும்.

எடையும் உண்டு. நான் சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு வாடிக்கையாளர் வந்து கத்தினார்: "எண்பதாயிரம் வாங்கிட்டு என் கார மாட்டு வண்டியாக்கிட்டீங்களே! சிக்னல்ல பச்சை விழுந்தா ஆட்டோக்காரன் என்னத் தாண்டிப் போறான்." எங்களுக்குப் புரியவில்லை. பக்கத்துக் காய்கறி மண்டியிலிருந்து தராசு வாங்கி வந்து அவருடைய பழைய சக்கரத்தையும் புதியதையும் எடை போட்டோம். ஒரு சக்கரத்துக்கு நாலரைக் கிலோ வித்தியாசம். டிக்கியில் பதினெட்டுக் கிலோ மூட்டை வைத்தால் இன்ஜினுக்குத் தெரியவே தெரியாது. அதே பதினெட்டுக் கிலோவைச் சக்கரத்தில் வைத்தால், ஒவ்வொரு முறையும் அதைச் சுழற்றி எழுப்ப வேண்டும், பிரேக் போட்டால் சுழற்சியை அடக்க வேண்டும். பிக்கப் போகும், மைலேஜ் போகும், வண்டி நிற்கும் தூரமும் கூடும். எடை போட்ட பிறகு சேகர் அண்ணா தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். "குரு, இத்தன வருஷம் இத நாம தூக்கித் தூக்கி மாட்டியும் நம்ம கைக்குத் தெரியலையே" என்றார். என் தோளுக்குத் தெரிந்திருக்கிறது.

சேகர் அண்ணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம், எங்களில் யாரைக் கூப்பிட்டாலும் அவருக்குக் 'குரு'தான். வேலை நடக்கும்போது அவர் பேசவே மாட்டார். ரிம்மை மாட்டும் முன் அச்சின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பார், பிறகு வெறும் விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பார். நட்டுகளை நட்சத்திர வடிவில், எதிரெதிராக இறுக்குவார். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச் 'டிக்' என்று சொல்லும்வரை மூச்சுகூட விடமாட்டார் என்று தோன்றும். நான் ஒருமுறை ஒரு நட்டை வரிசை மாற்றி இறுக்கிவிட்டேன். திட்டவில்லை. நாலு சக்கரத்தையும் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, "ஆய்த்தா? இப்ப மறுபடி மொதல்லருந்து" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். கைவேலையில் அவரைப்போல் சுத்தமான ஆளை நான் பார்த்ததில்லை. அதனால்தான் அவர் சொன்ன எதையும் நான் கேள்வி கேட்டதில்லை.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டாயிற்று. ஒரு பையன் புதிதாகப் பதினெட்டு இஞ்ச் போட்டுக்கொண்டு போய், மூன்றாம் நாளே சர்ஜாபுர சாலைப் பள்ளத்தில் விட்டு ரிம்மை வளைத்துக்கொண்டு வந்தான். உங்கள் சரக்குதான் மட்டம் என்று இணையத்தில் படத்தோடு போட்டான். முதலாளி வேறு ரிம் இலவசமாகக் கொடுத்தார். அடுத்த மாதம் இன்னொன்று. அதற்குப் பிறகு சேகர் அண்ணா கம்ப்ரசருக்கு மேலே சுவரில் ஒரு தாளை ஒட்டினார். பெரிய சக்கரம் போட்ட கார் எதுவானாலும், கதவோரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும் காற்று அளவுக்கு மேல் ஐந்து புள்ளி. முப்பத்துமூன்று என்றால் முப்பத்தெட்டு. டயர் கல் மாதிரி நிற்கும், பள்ளத்தில் நசுங்காது, ரிம் தப்பிக்கும். "ரிம் நின்னா நம்ம பேர் நிக்கும்" என்பார். உண்மையிலேயே அதன் பிறகு வளைந்த ரிம் ஒன்றும் திரும்பி வரவில்லை. எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

காருக்குள் உட்காருகிறவர் மேல் அந்த ஐந்து என்ன செய்யும் என்று ஒருவரும் கேட்கவில்லை. படித்தவன் நான். நானும் கேட்கவில்லை.

அருள் வந்தது அப்படிப்பட்ட நேரத்தில். தங்கவயல்காரர். அப்பா சுரங்கத்தில் வேலை செய்து இறந்தவர். அம்மாவும் மகனும் ஆஸ்டின் டவுனில் இருந்தார்கள். பொம்மசந்திராவில் ஒரு மருந்து கம்பெனியில் அவருக்கு வேலை. மாதம் இரண்டு ஞாயிறு அம்மாவைக் கூட்டிக்கொண்டு தங்கவயலில் இருக்கும் சித்தியைப் பார்க்கப் போவார். பெரிய சக்கரம் போட வேண்டும் என்பது ஐந்து வருட ஆசை.

மாட்டி முடித்து, காற்று முப்பத்தெட்டு வைத்து, நான் முதலில் எழுதிய அந்த ட்ரையல் போனோம். எங்கள் ட்ரையல் எப்போதும் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில்தான். கண்ணாடி மாதிரி இருக்கும் சாலை. அங்கே குறைந்த சுவர் டயர் தரையில் ஒட்டிக்கொண்டு போகும், ஓட்டுகிறவர் முகம் மலரும். அருளுக்கும் மலர்ந்தது. "அண்ணா, வேற கார் மாதிரி இருக்கே!" என்றார்.

பின் இருக்கையில் ஒரு ஆள் உட்காருவது எங்கள் வழக்கம். டயர் மட்கார்டில் உரசும் சத்தம் வருகிறதா என்று கேட்பதற்காக. ஸ்டெல்லா அம்மா உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்து, கதவுப் பக்கம் காதைச் சாய்த்து, நான் சக்கரத்தைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன். "உரசல் இல்லண்ணா" என்றேன். "ஓகே குரு" என்றார். அவ்வளவுதான் எங்கள் சோதனை.

பதினாறாம் நாள், புதன்கிழமை காலை, அருள் மறுபடி வந்தார். காரை ராம்ப்பில் ஏற்றாமல் வாசலிலேயே நிறுத்திவிட்டு, "அண்ணா, இந்தச் சக்கரத்த கழட்டிருங்க. பழசப் போட்ருங்க" என்றார். சவரம் செய்யாத முகம்.

புகார் என்று நினைத்துச் சேகர் அண்ணா முந்திக்கொண்டார். "என்ன சார், பள்ளத்துல விட்டீங்களா? பாத்துரலாம்." பின் இடது சக்கரத்தைக் கழற்றி அவரே பேலன்ஸ் மெஷினில் ஏற்றினார். சுழன்று நின்றது. திரையில் இரண்டு பக்கமும் பூஜ்யம். முகமெல்லாம் சிரிப்பாக அருளைக் கூப்பிட்டார். "வாங்க, கண்ணால பாருங்க. ஒரு கிராம் வெயிட் வைக்கக்கூட கேக்கல. நூலு பிடிச்ச மாதிரி ஓடுது. நம்ம மாட்டுனது அப்படி!"

அருள் திரையைப் பார்த்தார். "தெரியும்ணா. ரிம்முக்கு ஒண்ணும் ஆகல. அன்னிக்கே எறங்கிப் பாத்துட்டேன்."

"அப்புறம் என்ன சார்?"

"அம்மாவுக்குத்தான் ஆயிடுச்சு."

சேகர் அண்ணாவின் சிரிப்பு மறைவதற்கு நேரம் பிடித்தது. மெஷின் மேல் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. அருள் நின்றபடியே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை. கோலாரைத் தாண்டித் தங்கவயல் போகும் சாலை. குழாய்க்காகச் சாலையைக் குறுக்கே வெட்டி மண் போட்டு மூடியிருந்தார்கள். மழையில் மண் இறங்கிவிட்டது. அவர் ஐம்பதில்தான் போயிருக்கிறார். முன் சக்கரம் தாண்டி, பின் சக்கரம் விழுந்தபோது 'டமார்' என்று சத்தம்.

"அம்மா 'ஆண்டவரே'ன்னாங்க. ஒரே வார்த்த. நான் வண்டிய ஓரங்கட்டிட்டு எறங்கி..." அவர் நிறுத்தினார். "எறங்கி, ரிம்மப் பாத்தேண்ணா. குனிஞ்சு, போன்ல லைட் அடிச்சு, சுத்தித் தடவிப் பாத்தேன். ஒண்ணுமே ஆகல. எனக்கு அவ்ளோ சந்தோஷம். ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, 'அம்மா, ரிம்முக்கு ஒண்ணும் ஆகலம்மா'ன்னு சொல்றேன். அவங்க வாயத் தொறந்துட்டு என்னயே பாக்கறாங்க. மூச்சு விட முடியல. பேச முடியல."

முதுகெலும்பில் ஒரு எலும்பு நொறுங்கி இறங்கிவிட்டது. மெலிந்த எலும்புக்குப் பின் இருக்கையில் தூக்கிப் போட்டு விழுந்தாலே போதுமாம். ஆம்புலன்ஸில் கொண்டுவந்திருக்கிறார்கள். நடக்க முடியுமா என்பதை இரண்டு வாரம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நான் என்ன செய்தேன் என்றால், பையிலிருந்த கேஜை எடுத்து மெஷின் மேலேயே அந்தச் சக்கரத்தின் காற்றைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை, நான்தானே நிரப்பினேன். முப்பத்தெட்டு. பதினாறு நாள் கழித்தும் ஒரு புள்ளி இறங்கவில்லை. அவ்வளவு நன்றாக மாட்டியிருந்தோம்.

சேகர் அண்ணா என்னைக் கம்ப்ரசர் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். "குரு, வாயத் தொறக்காத. பள்ளம் யார் வெட்டினது? நீயா, நானா? பெரிய சக்கரம் கேட்டது யாரு? அவர் பாவம், அம்மா பாவம், எல்லாம் சரி. காத்துக் கணக்கச் சொன்னா நாளைக்குக் கேசு. முதலாளி உன்னையும் என்னையும் வெளிய நிறுத்துவாரு."

"அண்ணா, அவரு அம்மாவக் கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டாரு. நான்தான் வேணாம்னேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்லிருந்தா கூட்டிட்டு வரச் சொல்லிருப்பீங்களா?"

அவர் சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்தார். நான் வெளியே வந்து அருளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைத் திறந்து ஸ்டிக்கரைக் காட்டினேன், முப்பத்துமூன்று. கேஜைக் காட்டினேன், முப்பத்தெட்டு. ரிம் வளையாமல் இருக்க நாங்கள் வைப்பது என்றேன்.

அடிப்பார் என்றே நினைத்தேன். அவர் கேஜைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இந்த அஞ்சு இல்லன்னா அம்மாவுக்கு ஆயிருக்காதா?" என்று கேட்டார்.

"தெரியல சார்" என்றேன். அதுதான் உண்மை. அதே பள்ளத்தில் பழைய சக்கரமாக இருந்தாலும் உடைந்திருக்கலாம் என்று டாக்டரே பிற்பாடு சொன்னாராம். உடைந்திருக்காது என்றும் சொல்ல முடியாது. எவ்வளவு ரப்பர், எவ்வளவு காற்று, எவ்வளவு வேகம், எவ்வளவு எலும்பு என்று பிரித்துக் காட்டும் கேஜ் எங்கள் கடையில் இல்லை.

அவருடைய பழைய சக்கரங்களை மாட்டிய அன்றே கடைக்கு மாற்றாக வாங்கி, விற்றும் ஆகிவிட்டது. அன்று மத்தியானம் நானும் சேகர் அண்ணாவும் சிவாஜிநகரில் பழைய சாமான் விற்கும் தெருக்களில் அலைந்து, அதே ரகக் காரின் பதினைந்து இஞ்ச் நான்கைப் பிடித்தோம். மாட்டியபோது காற்றைச் சேகர் அண்ணாவே நிரப்பினார், முப்பத்துமூன்று. பிறகு, "நீ ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் பின்னால் இடது பக்கம் ஏறிக்கொண்டார். மேம்பாலத்துக்குப் போகவில்லை. ஜிகணிப் பக்கம் குண்டும் குழியுமான சாலைக்குத் திருப்பச் சொன்னார். ஒவ்வொரு குழியிலும் இரண்டு கையையும் இருக்கையில் ஊன்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் பார்த்தேன். அடுத்த நாள் காலை நான் வந்தபோது சுவரில் அந்தத் தாள் இல்லை. கிழித்த இடத்தில் சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்திருந்தது. பின் இருக்கையில் யார் உட்காருவார்களோ அவர்கள் இல்லாமல் ட்ரையல் கிடையாது என்று அன்றிலிருந்து ஆனது. காரணத்தை அவர் யாருக்கும் சொன்னதில்லை.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்டின் டவுனில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒரு மாதமாக மனசைத் தயார் செய்துகொண்டுதான் போனேன். முதல் மாடி. ஸ்டெல்லா அம்மா மார்பிலிருந்து இடுப்பு வரை பெல்ட் போட்டு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நின்றிருந்தார்! வாசலிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீதான் சக்கரம் மாட்டுன தம்பியா? உள்ள வா. சும்மா சொல்லக் கூடாது, காரு அழகாத்தான் இருந்துச்சு."

"அம்மா, என்ன மன்னிச்சிருங்க. உங்கள வர வேணாம்னு சொன்னது நான்தான்."

"வந்திருந்தா மட்டும் நான் என்னத்தச் சொல்லிருப்பேன்? புள்ள ஆசையா போடறான், நல்லாருக்குன்னுதான் சொல்லிருப்பேன்." பிறகு மகனைப் பார்த்துக் கையை நீட்டினார். "உன்ன மன்னிச்சிட்டேன் தம்பி. இவனத்தான் மன்னிக்கல. அம்மா செத்தாளா பொழச்சாளான்னு பாக்காம, டார்ச் அடிச்சு ரிம்மப் பாத்தான் பாரு!"

"அம்மா, போதும்மா" என்றார் அருள்.

"எங்க போதும்? எங்க வீட்டுக்காரரு முப்பது வருஷம் கூண்டுல தொங்கிக்கிட்டுச் சுரங்கத்துக்குள்ள எறங்குனாரு. முதுகுல ஒரு கீறல் இல்ல. நான் மெத்த சீட்டுல உக்காந்து ஒடச்சிக்கிட்டேன். மேல போயி அவர்கிட்ட இத எப்படிச் சொல்றது?" அவரே சிரித்தார். சிரிக்கும்போது வலித்தது, பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். "இனிமே தங்கச்சியப் பாக்க ரயில்லதான். சக்கரத்துல ரப்பரே கெடையாது, வெறும் இரும்பு. ஆனா தூக்கிப் போடல. அது என்ன கணக்குன்னு நீ படிச்சவன், சொல்லு."

தண்டவாளத்தில் பள்ளம் இல்லைம்மா என்றேன். அது சரி என்றார்.

காப்பி குடித்துவிட்டு எழுந்தபோது அருள் கீழே வரை வந்தார். எலும்புக்குள் ஊசி வழியாகச் சிமெண்ட் போல ஒன்றை ஏற்றியிருக்கிறார்கள். இனி தினமும் வயிற்றில் ஒரு ஊசி, ஒன்றரை வருடத்துக்கு. கம்பெனிக் காப்பீட்டில் பாதிதான் வந்திருக்கிறது. காரை விற்றுவிட்டார்.

நானும் சேகர் அண்ணாவும் ஏதாவது கொடுக்க நினைத்திருந்தோம். அதனால் கேட்டேன்: "சார், மொத்தம் எவ்ளோ ஆச்சு?"

அவர் மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். தொகை அம்மாவுக்குத் தெரியாது, சொல்லிவிடாதீர்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஆஸ்பத்திரிச் செலவோடு, சக்கரத்துக்குக் கொடுத்ததையும், காரை விற்றதில் போன நஷ்டத்தையும் சேர்த்து, ஏழு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூறு ரூபாய்.